ஒரே ஒருமுறை இறங்கினால் போதும்: போர்க்கால கிளைடர் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், 1944 ஜூன் 6 அதிகாலையில் பிரான்சின் நார்மண்டியில் கான் கால்வாய்ப் பாலத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடித்த பிரிட்டிஷ் வீரர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். "எஞ்சின் இல்லாத மர கிளைடர்களில்" என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் கிளைடருக்கே.

பாராசூட் இருக்கும்போது எஞ்சினே இல்லாத விமானத்தில் ஆட்களை ஏற்றி அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

ஒரு விமானத்திலிருந்து இருபது பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் நொடிக்கு ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே ஐந்நூறு அறுநூறு மீட்டர் இடைவெளி விழுந்துவிடும், அதுவும் இருட்டில், காற்று வேறு இழுத்துக்கொண்டு போகும். இறங்கியபின் ஒருவரையொருவர் தேடிச் சேர்வதற்கே அரை மணி, ஒரு மணி நேரம். ஜீப்பையும் பீரங்கியையும் பாராசூட்டில் போடுவது அன்றைக்கு அவ்வளவு சுலபமும் இல்லை. கிளைடர் அப்படியில்லை. இருபத்தைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து வந்து, ஒன்றாக இறங்கி, கதவைத் திறந்ததும் ஒரு படைப்பிரிவாகவே வெளியே வருவார்கள். குதிக்கப் பயிற்சி வேண்டாம். சத்தமும் கிடையாது.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் ஜெர்மானியர்கள். முதல் உலகப்போரில் தோற்றபின் வெர்சாய் ஒப்பந்தம் அவர்களுக்குப் போர்விமானம் வைத்துக்கொள்ளத் தடை போட்டது. பறக்கும் ஆசை இருந்த இளைஞர்கள் எல்லாம் கிளைடர் பக்கம் திரும்பினார்கள், அது அங்கே பெரிய விளையாட்டாகவே வளர்ந்தது. வானிலை ஆராய்ச்சிக்காகச் செய்த ஒரு பெரிய கிளைடரைப் பார்த்து இதில் ஆட்களை ஏற்றலாமே என்று ராணுவத்துக்குத் தோன்ற, ஹான்ஸ் யாகோப்ஸ் வடிவமைத்த டிஎஃப்எஸ் 230 வந்தது. பைலட்டையும் சேர்த்துப் பத்துப்பேர் வரை போகலாம்.

1940 மே 10 விடியற்காலை, பெல்ஜியத்தின் எபன்-எமால் கோட்டை. ஆல்பர்ட் கால்வாயைக் காவல் காக்கக் கட்டிய, கான்கிரீட்டும் இரும்புமான பிரம்மாண்டம். அதன் மொட்டைமாடி போன்ற புல்வெளியில் ஒன்பது கிளைடர்கள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தன. வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. உள்ளே பல நூறு பேர். வந்தவர்கள் 50 கிலோ எடையுள்ள, உட்புறம் குழிவான புதுவகை வெடிகளைப் பீரங்கிக் கூண்டுகளின் மேல் வைத்து வெடித்தார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது. எதிரி எதிரிலிருந்து வருவான், மிஞ்சிப்போனால் தூரத்திலிருந்து குண்டு வீசுவான் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். கூரையின் மேல் வந்து இறங்குவான் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, சர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு எழுதுகிறார்: ஐயாயிரம் பேராவது கொண்ட பாராசூட் படை வேண்டும் என்று. அந்தப் படையை ஏற்றிப்போக பிரிட்டனிடம் விமானங்கள் போதவில்லை. அங்கிருந்துதான் பிரிட்டிஷ் கிளைடரின் கதை தொடங்குகிறது.

மரத்தில் செய்தார்கள் என்கிறீர்கள். நான் இருபத்தெட்டு வருடமாக மரவேலை செய்கிறேன். மேஜை நாற்காலி செய்கிறவர்கள் விமானம் செய்தார்களா? (காரைக்குடி வாசகர்)

செய்தார்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை.

பிரிட்டன் முதலில் செய்தது ஹாட்ஸ்பர் என்ற சின்ன கிளைடர். பைலட்டோடு சேர்த்து எட்டுப்பேர். வெகு தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டு அமைதியாக மிதந்து வரவேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைத்தார்கள். பறந்து பார்த்தபோது நினைத்த தூரம் வரவில்லை, எட்டுப்பேரை வைத்து என்ன சண்டை போடுவது என்ற கேள்வியும் வந்தது. அது பயிற்சி வண்டியாகிவிட்டது.

அடுத்து 1940 அக்டோபரில் ஏர்ஸ்பீட் கம்பெனியிடம், இருபத்தைந்து பேரோ அதே எடைக்கு ஜீப், பீரங்கியோ ஏற்றக்கூடிய கிளைடர் கேட்டார்கள். அதுதான் ஹார்சா. இங்கிலாந்தின் பழங்கதைகளில், ஐந்தாம் நூற்றாண்டில் படையோடு வந்து இறங்கிய ஒரு வீரனின் பெயர் அது. லண்டனுக்கு வடக்கே சாலிஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் ஹெசல் டில்ட்மன் தலைமையில் படம் வரைந்தார்கள், புகழ்பெற்ற மாஸ்கிட்டோ விமானம் உருவான அதே இடம். 1941 செப்டம்பர் 12 அன்று ஜார்ஜ் எரிங்டன் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. (அன்று அது கிளம்பிய திடல் இருந்த இடத்தில்தான் இன்றைக்கு ஹீத்ரு விமான நிலையம் இருக்கிறது.)

ஏன் மரம்? அலுமினியம் முழுவதும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் சண்டை விமானங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. மரம் கிடைத்தது. அதைவிட முக்கியம், மரம் தெரிந்த கைகள் கிடைத்தன. போர்க்காலத்தில் யார் புது அலமாரி வாங்கப்போகிறார்கள்? லண்டன் டாட்டன்ஹாமில் ஹாரிஸ் லெபஸ் என்ற மிகப்பெரிய பர்னிச்சர் தொழிற்சாலை இருந்தது. கட்டிலும் அலமாரியும் செய்த அதே ஆட்கள் அங்கே ஹார்சாவின் உடலையும் இறக்கையையும் துண்டு துண்டாகச் செய்தார்கள். கார் செய்யும் ஆஸ்டின் கம்பெனியும் செய்தது. பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். துண்டுகளை லாரியில் ஏற்றி, விமானப்படைக் கூடங்களுக்குக் கொண்டுபோய் அங்கே கோத்தார்கள். மொத்தம் 3,600க்கு மேல் செய்தார்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உடம்பு ஒரு பெரிய உருளை. மரவளையங்களை வரிசையாக நிறுத்தி, நீளவாட்டில் சட்டம் ஓட்டி, மேலே பிளைவுட் வளைத்துப் பசை போட்டு ஒட்டியது. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 26.8 மீட்டர். காலி வண்டி மூன்றே முக்கால் டன்னுக்குச் சற்று அதிகம், ஏற்றியபின் ஏழு டன். பைலட் அறையில் பிடிக்கும் சக்கரத்திலிருந்து நெம்புகோல் வரை பலதும் மரம்தான். ஒரு சின்ன மூட்டுகூடத் தளரக்கூடாது. ஆனால் வருடக்கணக்கில் உழைக்கவேண்டிய அவசியமும் இல்லை. பயிற்சிப் பறத்தலைத் தவிர்த்துவிட்டால், இந்த வண்டி ஒரே ஒருமுறை இறங்கினால் போதும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் மற்ற எல்லாமே விளங்கும்: ஏன் மரம், ஏன் கழற்றி எறியும் சக்கரம், ஏன் வயிற்றுக்கடியில் சறுக்குக்கட்டை, ஏன் வாலையே கழற்றி எடுக்கும் ஏற்பாடு.

வால் விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜீப்பைப் பக்கத்துக் கதவு வழியாக, சரிவுப்பலகை போட்டு, திருப்பித் திருப்பிப் பெரும்பாடு பட்டு உள்ளே ஏற்றுவார்கள். எதிரி சுடும்போது அதே பாடு பட முடியாது. அதனால் வால்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றி, வாலைத் தனியாகப் பிரித்து, பின்பக்கமாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு வரவேண்டும். தரையில் மோதி உடம்பு கோணிப்போயிருந்தால் போல்ட் லேசில் வராது. அதற்கு வெடிகயிறு வைத்தும் பார்த்தார்கள். இரண்டாவது மாடலில்தான் மூக்கையே கதவு மாதிரி திறக்கும்படி செய்தார்கள். இந்த மாற்றத்துக்குப் பின்னால் போல்ட்டோடு போராடி நேரமும் உயிரும் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைக்காமல் என்னால் அதன் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

கயிறு கட்டி இழுத்தார்கள் சரி. நடுவானில் கயிறு அறுந்தால்? (சேலம், பாலிடெக்னிக் மாணவர்)

அறுந்தால் இருக்கிற இடத்தில் இறங்கவேண்டியதுதான், வேறு வழியில்லை. எபன்-எமால் தாக்குதலின் தளபதி ருடோல்ஃப் விட்சிக் வந்த கிளைடருக்கே அப்படி நடந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரப் பக்கத்தில் ஒரு வயலில் இறங்கி, இன்னொரு இழுவை விமானத்தை வரவழைத்து, வயலில் இருந்த வேலிகளை அகற்றித் திரும்பக் கிளம்பி, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

கயிறு என்றால் நூறு மீட்டருக்கு மேல் நீளம். ஹார்சாவுக்கு மணிலா நார்க் கயிறு, அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் நைலான். முதல் மாடல் ஹார்சாவில் கயிறு கடைசியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு இறக்கைகளிலும் மாட்டியிருக்கும். கயிற்றோடு சேர்த்து டெலிபோன் கம்பி ஓடும், இழுக்கும் பைலட்டும் பின்னால் வருபவரும் அதில்தான் பேசிக்கொள்வார்கள். முன்னால் போகும் விமானம் கிளப்பும் காற்றுச்சுழலில் மாட்டினால் கிளைடர் குலுங்கித் தள்ளாடும், அதனால் எப்போதும் அதற்குச் சற்று மேலேயோ சற்றுக் கீழேயோ நிற்கவேண்டும். பகலில் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். இருட்டிலும் மேகத்திலும் முன்னால் போகும் விமானமே தெரியாதே! அதற்காக இழுவைக் கயிற்றிலிருந்து ஒரு மெல்லிய நூலை மூக்குக்குள் கொண்டுவந்து, கயிறு எந்தக் கோணத்தில் தொங்குகிறது என்று காட்டும் ஒரு கருவியை பைலட்டின் முன் வைத்தார்கள். சுற்றிலும் ஒன்றுமே தெரியாத வெள்ளைப் புகைக்குள், பின்னால் இருபத்தெட்டு உயிர்களை வைத்துக்கொண்டு, ஒரு சின்ன முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். 1943இல் இங்கிலாந்திலிருந்து மொராக்கோ வரை ஹார்சாக்களை இழுத்துப்போனார்கள், சுமார் பத்து மணி நேரம், பெரும்பகுதி கடலின் மேல். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கயிற்றை விட்டபின் வேறு கணக்கு. இறக்கையில் கதவளவு பெரிய ஃபிளாப்புகள், அதாவது கீழ்நோக்கி மடியும் பலகைகள். அழுத்திய காற்றால் அவை கீழே இறங்கும், உடனே கிளைடர் மூக்கைக் குத்திக்கொண்டு செங்குத்தாக இறங்கும், வேகம் மட்டும் ஏறாது. எஞ்சின் இல்லாததால் காற்று பாட்டிலைத் திரும்ப நிரப்ப முடியாது. இறங்கும் இடம் தவறினால் மேலே ஏறி இன்னொரு சுற்று வர வழியில்லை.

இறங்கியபின் பைலட்டுகள் என்ன செய்வார்கள்? (மதுரை வாசகி)

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து சண்டை போடுவார்கள். பிரிட்டனில் 1942இல் கிளைடர் பைலட் ரெஜிமென்ட் தொடங்கியபோதே அதை வழிநடத்திய ஜான் ராக், ஜார்ஜ் சாட்டர்டன் இருவரும் இதில் உறுதியாக இருந்தார்கள்: பைலட் முழுச் சிப்பாயாகவும் இருக்கவேண்டும். ஜான் ராக் அதே வருடம் ஒரு கிளைடர் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னம் சண்டையில் மட்டும் அந்த ரெஜிமென்ட் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது.

விபத்துகள் நிறைய நடந்திருக்குமே? (ஈரோடு வாசகர்)

நிறைய. ஹார்சா போருக்குப் போன முதல் பயணமே துயரம்தான். 1942 நவம்பர் 19, நார்வேயில், அணு ஆராய்ச்சிக்குப் பயன்படும் கனநீரைத் தயாரித்த வெமோர்க் தொழிற்சாலையை உடைக்க இரண்டு கிளைடர்கள் கிளம்பின. கயிற்றில் பனி உறைந்து, மலையில் மோதி, இரண்டும் விழுந்தன. அடிபட்டுப் பிழைத்தவர்களை ஜெர்மானியர்கள் கொன்றுவிட்டார்கள். விழுந்த ஒரு இழுவை விமானத்தில் இருந்த ஏழு பேரையும் சேர்த்து நாற்பத்தொரு பேர் இறந்தார்கள்.

அடுத்தது சிசிலி, 1943 ஜூலை 9 இரவு. 144 கிளைடர்கள், பெரும்பாலும் அமெரிக்க வாகோ வகை. பலத்த காற்று, இரவில் இழுத்துப் பழக்கமில்லாத பைலட்டுகள், கரையிலிருந்து சுடுவதைப் பார்த்ததும் பலர் முன்கூட்டியே கயிற்றை விட்டுவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்டவை கடலில் விழுந்தன, இருநூற்றைம்பது பேரளவில் மூழ்கினார்கள். இதில் எனக்குக் கோபம் வருகிறது. தயாராவதற்கு அந்தப் படைக்குச் சில வாரங்கள்தான் கொடுத்தார்கள், பைலட்டுகளில் பலருக்கு வாகோவே புதுசு.

அமெரிக்காவில் இன்னொன்று. 1943 ஆகஸ்ட் 1, செயின்ட் லூயிஸ் நகரில் உள்ளூரில் செய்த வாகோ ஒன்றைப் பொதுமக்கள் முன்னால் பறக்கவிட்டார்கள். மேயர் உட்பட ஊர்ப் பிரமுகர்கள் அதில் ஏறினார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றை விட்டதும் ஒரு இறக்கை முறிந்தது. பத்துப்பேரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் கம்பத்தின் உலோகப் பிணைப்பு ஒன்று தேவையான தடிமனில் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. வாகோ மாடலைப் பதினாறு கம்பெனிகள் சேர்ந்து 13,000க்கு மேல் செய்துதள்ளின. அந்த வேகத்தில் ஒரு துண்டு உலோகம் யார் கண்ணிலும் படாமல் தாண்டிவிட்டது.

அந்தப் பாலத்தில் என்னதான் நடந்தது? விவரமாகச் சொல்லுங்கள். (நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆறு ஹார்சா, மூன்று இந்தப் பாலத்துக்கு, மூன்று பக்கத்து ஆற்றுப் பாலத்துக்கு, ஒவ்வொன்றிலும் முப்பது பேர். தலைவர் மேஜர் ஜான் ஹவர்ட். தெற்கு இங்கிலாந்தின் டாரன்ட் ரஷ்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் இழுத்துக்கொண்டு கிளம்பின. கடலைத் தாண்டும்வரை உள்ளே பாட்டு. பிரெஞ்சுக் கரைக்கு மேல், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் முதல் கிளைடரின் பைலட் ஜிம் வால்வர்க் கயிற்றை விட்டார். பாட்டு நின்றது. எஞ்சின் சத்தம் தூரமாகிப் போய்விட்டது, பிளைவுட்டை உரசும் காற்றுச் சத்தம் மட்டும். துணை பைலட் ஜான் எய்ன்ஸ்வர்த் கையில் ஸ்டாப்வாட்ச். இத்தனை நொடி நேராக, திரும்பு, இத்தனை நொடி, திரும்பு. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த கணக்கு. கடைசித் திருப்பத்துக்குப்பின் நிலா வெளிச்சத்தில் கால்வாயும் பாலமும் தெரிந்தன.

உள்ளே எல்லோரும் பக்கத்து ஆளின் கையோடு கை கோத்துப் பூட்டிக்கொண்டு, கால்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டார்கள், தரை பிய்ந்துகொண்டு போனால் கால் போய்விடக்கூடாதே என்று. தரையைத் தொட்டதும் சறுக்குக்கட்டை கல்லில் உரசிப் பொறி பறந்தது, எதிரி சுடுகிறான் என்றே உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். பாலத்துக்கு ஐம்பது மீட்டருக்கும் குறைவான தூரத்தில், முள்கம்பி வேலியில் மூக்கு மோதி வண்டி நின்றது. வால்வர்க்கும் எய்ன்ஸ்வர்த்தும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தார்கள். உள்ளே எல்லோருக்கும் சில நொடி நினைவு தப்பியது. ஹவர்டின் கைக்கடிகாரம் 12.16இல் நின்றுபோயிருந்தது. காவலுக்கு நின்ற ஜெர்மானியர், சுடப்பட்ட ஏதோ விமானத்தின் துண்டு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு, அதே வயலில். பத்து நிமிடத்தில் பாலம் கையில். லெப்டினன்ட் டென் பிரதரிட்ஜ் பாலத்தைக் கடந்து ஓடும்போது சுடப்பட்டு இறந்தார்.

நம் நாட்டுப் பக்கம் இவை வந்ததுண்டா? (புதுச்சேரி வாசகி)

வந்தன. அஸ்ஸாமில் ஹைலாகண்டி பக்கம் லாலாகாட் என்ற இடம். 1944 மார்ச் 5 மாலை, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின், எதிரியின் பின்புறம் புகுந்து சண்டையிடும் சிண்டிட் படையை ஜப்பானியர் பிடியிலிருந்த வடக்கு பர்மாவுக்குள் இறக்க, ஒவ்வொரு டகோட்டா விமானமும் இரண்டிரண்டு வாகோ கிளைடர்களை இழுத்துக்கொண்டு மலைகளைத் தாண்டவேண்டும். கிளம்பும் நேரத்தில் வந்த புகைப்படத்தில், இறங்கவேண்டிய இரண்டு திடல்களில் ஒன்று முழுக்க மரங்களாகக் கிடந்தது. எதிரிக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தார்கள். உள்ளூர் மரவெட்டிகள் தேக்கு காயப்போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் பிராட்வே என்று பெயரிட்ட மற்றொரு திடலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

சுமை அதிகம், இரட்டை இழுவை, கயிறுகள் அறுந்தன. பிராட்வேயிலும் புல்லுக்கு அடியில் மரம் இழுத்த பள்ளங்கள் மறைந்திருந்தன, முதலில் இறங்கியவை சக்கரம் பிய்ந்து நிற்க, பின்னால் வந்தவை அவற்றின் மேலேயே மோதின. "சோயா லிங்க்" என்ற சொல் வயர்லெஸ்ஸில் வந்தது. அனுப்புவதை நிறுத்து என்று அர்த்தம். சிப்பாய்கள் வெறுத்த ஒரு ரேஷன் சாப்பாட்டின் பெயர் அது. சுமார் முப்பது பேர் இறந்தார்கள். ஆனாலும் கிளைடரில் வந்த ஒரு சின்ன புல்டோசரை வைத்து, மறுநாள் இரவுக்குள் ஓடுதளம் தயார் செய்து டகோட்டாக்களை இறக்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் சுமார் ஒன்பதாயிரம் பேரும், கோவேறு கழுதைகளும் உள்ளே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது ஏன் இல்லை? (கோவை வாசகர்)

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. ஒன்றாக இறக்கவும் முடியும், திரும்ப ஏற்றிக்கொண்டு வரவும் முடியும். கிளைடர் பைலட் ரெஜிமென்டை 1957இல் கலைத்துவிட்டார்கள்.

ஒன்றையாவது நேரில் பார்க்க முடியுமா? (சிங்கப்பூர் வாசகர்)

வாகோவை அமெரிக்காவில் டெக்சாஸின் லபக் நகரில், கிளைடர் பைலட்டுகளுக்கான அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போர்க்காலத்தில் அவர்களில் பலர் பயிற்சி எடுத்த ஊர் அது. ஹார்சாக்கள் பெரும்பாலும் இறங்கிய வயல்களிலேயே சிதைந்தன. போருக்குப் பின் மிச்சமிருந்த உருளைகளை இங்கிலாந்தில் விவசாயிகள் வாங்கி, பண்ணைக் கொட்டகையாக வைத்துக்கொண்டார்கள். நார்மண்டியில் ரான்வில் ஊரில், அந்தப் பாலத்தின் பக்கத்திலேயே உள்ள அருங்காட்சியகத்தில் முழு அளவில் ஒரு ஹார்சா செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பழைய பாலத்தையும் அங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கால்வாயின் கரையில், மூன்று கிளைடர்களும் நின்ற மூன்று இடங்களிலும் கல் நட்டிருக்கிறார்கள். முதல் கல்லிலிருந்து பாலம் வரை நடந்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.